எட்டாம் இடத்து அணியை நம்புவது கண்மூடித்தனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் (NHL) ஸ்டான்லி கிண்ணத்துக்கான பிளே ஓஃப் எனும் வெளியேற்றுச் சுற்று நெருங்கும் ஒவ்வொரு வசந்தத்திலும் நமது தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் ஒரே மாதிரியான முன்னோட்டம்தான் வருகிறது. புள்ளிப் பட்டியலின் உச்சியில் நிற்கும் நான்கைந்து அணிகளைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே நுழைந்த அணிகளுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. தங்கள் பத்திரிகையின் அண்மைய முன்னோட்டம் ஒரு படி மேலே போய், வைல்ட் கார்ட் இடத்தில் (தன் பிரிவில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ) வந்த அணியின் ரசிகர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஆண்டுதோறும் ஏமாறுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அதை மறுத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்த நம்பிக்கைக்குக் கணக்கு உண்டு, காரணம் உண்டு, எங்கே உடையும் என்ற எல்லையும் உண்டு. அதை அறிந்து நம்புகிறவரை ஏமாளி என்பது நியாயமல்ல.

முதலில் கணக்கு. ஹொக்கியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 30 தடவை வலையை நோக்கி அடிக்கிறது. அதில் மூன்று உள்ளே போகும். அத்தனை குறைந்த கோல்களில் முடிவாகும் விளையாட்டில் ஒரு காலில் பட்டுத் திரும்பிய பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு), கம்பத்தில் மோதி வெளியே போன ஓர் அடி, இவை போதும் ஆட்டத்தின் முடிவை மாற்ற. கூடைப்பந்தில் நூறு புள்ளிக்கு மேல் சேர்வதால் திறமை வேறுபாடு அன்றே வெளிப்பட்டுவிடும். ஹொக்கியில் அப்படி வெளிப்பட ஒரு முழுப் பருவம் வேண்டும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ போதாது.

இதை எண்ணில் பார்க்கலாம். பலவீனமான அணிக்குத் தனி ஆட்டம் ஒவ்வொன்றிலும் 45 சதவீத வெற்றி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆட்டத் தொடரில் நான்கை அது முதலில் வெல்லும் வாய்ப்பு 39 சதவீதம். தனி ஆட்ட வாய்ப்பு 40 சதவீதம் என்றால் தொடரை வெல்லும் வாய்ப்பு 29 சதவீதம். அதாவது, தெளிவாகப் பின்தங்கிய அணியும் பத்துத் தொடரில் மூன்றைக் கைப்பற்றும். முதல் சுற்றில் மொத்தம் எட்டுத் தொடர்கள். அவற்றில் இரண்டு மூன்றில் பட்டியல் தலைகீழாவது அதிசயம் அல்ல, எதிர்பார்க்க வேண்டியதே.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் ரசிகர் தெரிந்திருக்க வேண்டும். கிண்ணத்தை உயர்த்த நான்கு தொடர்களை வெல்ல வேண்டும், 16 ஆட்டங்கள். ஒவ்வொரு தொடரிலும் 39 சதவீதம் என்றால் நான்கையும் வெல்லும் வாய்ப்பு 2.3 சதவீதம்தான். எட்டாம் இடத்திலிருந்து கிண்ணம் வரை போன ஒரே அணி 2012 இன் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ். எட்மன்டன் 2006 இலும் நாஷ்வில் 2017 இலும் புளோரிடா 2023 இலும் கடைசி இடத்தில் நுழைந்து இறுதித் தொடர் வரை வந்து தோற்றன. எனவே, "இந்தச் சுற்றை வெல்வோம்" என்று சொல்பவரின் நம்பிக்கையும் "கிண்ணம் நமதே" என்று சொல்பவரின் நம்பிக்கையும் ஒரே அளவு அல்ல. தங்கள் முன்னோட்டம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது.

தொடர் நடக்கும்போது வாய்ப்பு எப்படி மாறுகிறது என்பதும் முக்கியம். ஏழு ஆட்டங்களும் 2-2-1-1-1 என்ற முறையில் மைதானம் மாறும். முதல் இரண்டும் பலமான அணியின் மைதானத்தில். அந்த இரண்டில் ஒன்றை வென்று 1-1 என்று வீடு திரும்பினால், அதே 45 சதவீத அணியின் தொடர் வாய்ப்பு 41 சதவீதமாகிறது. இரண்டையும் தோற்றால் 13 ஆக விழுகிறது. 3-1 எனப் பின்தங்கினால் தொடர்ந்து மூன்றை வெல்ல வேண்டும், வாய்ப்பு 9 சதவீதம். குறைவுதான், ஆனால் பூச்சியம் அல்ல. 2010 இல் மொன்றியல் வாஷிங்டனுக்கு எதிராகவும், 2021 இல் அதே மொன்றியல் ரொறன்ரோவுக்கு எதிராகவும், 2023 இல் புளோரிடா பொஸ்டனுக்கு எதிராகவும் 3-1 இலிருந்து எழுந்தே வென்றன. 3-0 இலிருந்து எழுந்த அணிகள் லீக்கின் வரலாற்றில் நான்கே: 1942 இல் ரொறன்ரோ, 1975 இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ், 2010 இல் பிலடெல்பியா, 2014 இல் லொஸ் ஏஞ்சலிஸ். ஆகவே முதல் இரண்டு ஆட்டங்களில் ஒன்றைப் பறித்தால் போதும் என்று நினைக்கும் ரசிகர் சரியாகவே நினைக்கிறார்.

அடுத்து, புள்ளிப் பட்டியல் சொல்லாத விடயங்கள். வழமையான பருவத்தில் 2025-26 வரை 82 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, மேலதிக நேரத்தில் தோற்றாலும் 1 புள்ளி. அந்த மேலதிக நேரம், கோல் காப்பாளர்கள் தவிர மூவருக்கு மூவர் என்று ஐந்து நிமிடம், அதிலும் முடியாவிட்டால் பெனால்ட்டி அடிகள். பிளே ஓஃப்பில் இவை இரண்டும் கிடையாது. ஐவருக்கு ஐவர், இருபது நிமிடப் பகுதிகள், யாராவது கோல் போடும்வரை ஆட்டம் நீளும். ஆகவே பனித்தளத்தில் ஆறு பேர் மட்டும் நிற்கும்போது வேகத்தால் புள்ளி சேர்த்த அணி ஏப்ரலில் சற்று வெளிறிப்போகலாம். பட்டியலைப் பார்க்கும்போது மொத்தப் புள்ளியோடு நிற்காமல், அறுபது நிமிடத்துக்குள் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கையையும் கோல் வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். சமப் புள்ளியில் அணிகளைப் பிரிக்க லீக்கே இப்போது முதலில் பார்ப்பது அறுபது நிமிட வெற்றிகளைத்தான்.

அந்த மொத்தப் புள்ளி ஓர் ஆண்டின் சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. ஒக்டோபரில் ஆடிய அணியும் ஏப்ரலில் ஆடும் அணியும் பெயரளவில்தான் ஒன்று. கிங்ஸ் 2011 டிசம்பரில் பயிற்றுநரை மாற்றி டரில் சட்டரைக் கொண்டுவந்தது. பெப்ரவரியில் கொலம்பஸிடமிருந்து ஜெஃப் கார்ட்டரை வாங்கியது. அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் போட்ட கோல்கள் 194, முப்பது அணிகளில் 29 ஆவது இடம். ஆனால் விட்ட கோல்கள் 179, அதில் லீக்கிலேயே இரண்டாவது மிகக் குறைந்த எண்ணிக்கை. கோல் போடத் தெரியாத அணி என்று பட்டியலைப் படித்தவர்கள் ஒதுக்கினார்கள். கோல் விடாத அணி என்று படித்தவர்கள் நம்பினார்கள். 111 புள்ளியோடு முதலிடத்தில் இருந்த வன்கூவரை ஐந்து ஆட்டத்தில் வெளியேற்றி, அதன்பின் இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகளையும் வீழ்த்தி, நான்கு தொடர்களிலும் 3-0 என முன்னிலை பெற்று, 16 வெற்றி 4 தோல்வியோடு கிண்ணத்தை வாங்கினார்கள்.

சென்ட் லூயிஸ் புளூஸ் கதையும் இதே வகை. 2019 ஜனவரி 3 ஆம் திகதி காலையில் அவர்கள் முழு லீக்கிலும் கடைசி இடம். நவம்பரில் பொறுப்பேற்ற கிரெய்க் பெரூபேயின் ஆட்டமுறை அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. ஜனவரி 7 அன்று ஜோர்டன் பின்னிங்டன் முதல்முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து வலையில் நின்றார், ஒரு கோலும் விடவில்லை. ஜூன் 12 அன்று பொஸ்டனில் ஏழாவது ஆட்டத்தை 4-1 என வென்று, 1967 இல் தொடங்கிய அந்த அணி முதல் கிண்ணத்தைப் பெற்றது. ஜனவரிக்குப் பின்பான புள்ளிகளை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தவருக்கு அது திடீர் அற்புதமாகத் தோன்றியிராது.

2023 புளோரிடாவும் அப்படியே. 92 புள்ளியோடு கடைசி வைல்ட் கார்ட் இடத்தில் வந்தார்கள். எதிரே 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் சாதனை படைத்த பொஸ்டன். ஆனால் அதற்கு முந்தைய பருவத்தில் லீக்கின் முதலிடம் இதே புளோரிடாவினுடையது, 122 புள்ளி. இடையில் மத்தியூ கச்சக்கை வாங்கியிருந்தார்கள். காயங்களாலும் கோல் காப்பு தடுமாறியதாலும்தான் புள்ளி குறைந்தது. பலவீனமான அணிக்கும், பலவீனமான பருவத்தைக் கடந்துவந்த அணிக்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்தங்கிய அணியை நம்பும் ரசிகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நமது அணி இவற்றில் எது? பயிற்றுநர் மாற்றம், மார்ச் மாதப் பரிமாற்றத்தில் வந்தவர்கள், காயத்திலிருந்து திரும்பியவர்கள், கடைசி 25 ஆட்டங்களில் ஐவருக்கு ஐவர் ஆடும்போது வலையை நோக்கிய அடிகளில் அணியின் பங்கு. இந்த நான்கையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். நான்கிலும் ஒன்றுமில்லை என்றால் நம்பிக்கையைச் சுருக்கிக்கொள்வதே நல்லது.

இனி கோல் காப்பாளர். பின்தங்கிய அணியின் நம்பிக்கையில் பாதிக்கு மேல் இவர் தோளில்தான். நூறு அடியில் 90 ஐத் தடுப்பவர் சாதாரணமானவர். 30 அடிக்கு மூன்று கோல் விடுவார். 93 ஐத் தடுத்தால் விடுவது இரண்டு. அந்த ஒரு கோல் வித்தியாசம் பலவீனமான அணியைச் சம பலத்துக்குக் கொண்டுவந்துவிடும். 2012 இல் கிங்ஸின் ஜொனதன் குவிக் 20 ஆட்டங்களில் தடுத்தது 94.6 சதவீதம், ஓர் ஆட்டத்துக்கு விட்டது சராசரி 1.41 கோல். 2003 இல் ஏழாம் இடத்தில் நுழைந்த அனஹைமின் ஜான்-செபஸ்தியான் ஜிகேர், நடப்புச் சாம்பியன் டெட்ரொய்ட்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூன்று மேலதிகப் பகுதிகள் வரை நின்று 63 அடிகளைத் தடுத்தார். மேற்குப் பிரிவின் இறுதித் தொடரில் நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து ஒரே ஒரு கோல்தான் விட்டார். கடைசித் தொடரில் அணி தோற்றபோதும் பிளே ஓஃப்பின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருது அவருக்கே போனது.

இதில் ரசிகர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு முழுத் தொடரில் கோல் காப்பாளர் சந்திப்பது சுமார் 210 அடிகள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில், உண்மையில் 90 சதவீதம் தடுக்கக்கூடியவர் வெறும் தற்செயலாலேயே 92 ஆகவும் தெரியலாம், 88 ஆகவும் தெரியலாம். நான்கு கோல்களின் வித்தியாசம், அவ்வளவுதான். ஆகவே முதல் இரண்டு ஆட்டங்களின் சதவீதத்தைப் பார்த்து ஒருவரைத் தெய்வமாக்குவதும் தவறு, மறுநாள் தூற்றுவதும் தவறு. கண்ணால் பார்க்க வேண்டியவை வேறு. அடி வருமுன்பே அவர் சரியான கோணத்தில் நிற்கிறாரா, தாமதமாகச் சறுக்கி வருகிறாரா? தடுத்த பக் எங்கே போகிறது, மூலைக்கா, வலைக்கு நேர் முன்னாலா? முன்னால் எதிரணி வீரர் மறைத்து நிற்கும்போது பக்கைத் தேடி எட்டிப் பார்க்கிறாரா? இவை சரியாக இருந்தால் இரண்டு மோசமான ஆட்டங்களுக்குப் பின்னும் நம்பலாம். பின்னிங்டன் 2019 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ஐந்து கோல் விட்டு நடுவிலேயே வெளியே எடுக்கப்பட்டார், அணி 7-2 எனத் தோற்றது. பெரூபே அடுத்த ஆட்டத்துக்கும் அவரையே நிறுத்தினார், 4-2 வெற்றி. ஏழாவது ஆட்டத்தின் முதல் பகுதியில் பொஸ்டன் 12 அடி, புளூஸ் 4 அடி. ஆனால் பகுதி முடிவில் புளூஸ் 2-0 என முன்னிலை. அன்று மொத்தம் 32 அடிகளைத் தடுத்தார் பின்னிங்டன்.

மாற்றம் தேவைப்படும் தருணமும் உண்டு. புளோரிடா 2023 இல் அலெக்ஸ் லயனோடு தொடங்கியது, நான்காவது ஆட்டத்திலிருந்து செர்கெய் பொப்ரொவ்ஸ்கி. மொன்றியல் 2010 இல் நான்காவது ஆட்டத்தில் கேரி பிரைஸை நிறுத்தித் தோற்று, ஐந்தாவதில் யாரோஸ்லாவ் ஹலாக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. கடைசி மூன்று ஆட்டங்களில் வாஷிங்டனின் 134 அடிகளில் 131 ஐ அவர் தடுத்தார். ஆறாவது ஆட்டத்தில் மட்டும் 53. ஆனால் சிறந்த கோல் காப்பாளர் ஒருவரை மட்டும் நம்பிய அணிக்கு வரும் ஆபத்தை எட்மன்டன் 2006 காட்டியது. மார்ச்சில் வாங்கிய டுவேன் ரோலொசன் அவர்களை இறுதித் தொடருக்குக் கொண்டுவந்தார். கரோலைனாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மோதலில் காயப்பட்டு வெளியேறினார். 3-0 என முன்னிலையில் இருந்த ஆட்டம் அது. பதிலுக்கு வந்தவர் வலைக்குப் பின்னால் பக்கைக் கைமாற்றும்போது ஏற்பட்ட தடுமாற்றத்தில் கடைசி நிமிடத்தில் கோல் விழுந்து 5-4 எனத் தோற்றார்கள். அத்தொடர் ஏழாவது ஆட்டம் வரை போயும் கைநழுவியது. இரண்டாம் கோல் காப்பாளர் யார், கடைசியாக எப்போது ஆடினார் என்பதையும் முன்னோட்டத்தில் எழுத வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

தண்டனைகளுக்கு வருவோம். தவறு செய்த வீரர் வெளியே உட்கார, அவரது அணி ஒருவர் குறைவாக ஆடும். எதிரணிக்கு அதுவே பவர் பிளே. இரண்டு நிமிடச் சிறு தண்டனையில் எதிரணி கோல் போட்டதும் தண்டனை முடிந்துவிடும். ஐந்து நிமிடப் பெரும் தண்டனை அப்படி முடியாது, எத்தனை கோல் விழுந்தாலும் ஐந்து நிமிடமும் ஓடும். பவர் பிளேயில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கோலாகிறது. ஆகவே ஓர் ஆட்டத்தில் ஐந்து தண்டனை வாங்கும் அணி ஒரு கோலைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. பலமான அணியின் திறமைசாலிகளுக்கு இடம் கிடைப்பதும் அப்போதுதான். பின்தங்கிய அணி தோற்கும் தொடர்களில் பெரும்பாலும் காரணம் இங்கே இருக்கும்: பக்கைத் துரத்திக் களைத்து, கால் ஓடாதபோது மட்டையை நீட்டி எதிராளியின் காலை இடறுவது. சோம்பேறித்தனத்தால் வரும் தண்டனை அல்ல அது. நாற்பத்தைந்து விநாடியில் மாற்று வீரருக்கு இடம்விட வேண்டியவர் ஒன்றரை நிமிடம் பனித்தளத்தில் மாட்டிக்கொண்டதன் விளைவு.

2010 மொன்றியல் இந்த இடத்தில்தான் தொடரை வென்றது. 121 புள்ளி பெற்ற வாஷிங்டனுக்கு ஏழு ஆட்டத்தில் 33 பவர் பிளே கிடைத்தது. கோல் ஒன்றே ஒன்று. ஹல் கில், ஜொஷ் கோர்ஜஸ் போன்ற பின்கள வீரர்கள் வெளியே போய்த் துரத்தவில்லை. நால்வரும் வலைக்கு முன்னால் இறுக்கமான பெட்டியாக நின்று, ஓரத்திலிருந்து அடிக்க விட்டு, நடுவில் வரும் பாஸை மட்டும் வெட்டினார்கள். தூரத்திலிருந்து வந்த அடிகளின் குறுக்கே விழுந்தார்கள். மறைப்பில்லாமல் தூரத்திலிருந்து வரும் அடி ஹலாக்குக்குச் சிரமமே இல்லை. இதன் எதிர்ப்பக்கம் 2019 இல் வேகாஸுக்கு நடந்தது. சான் ஹொசேக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 3-0 என முன்னிலை, மீதம் பதினோரு நிமிடம்கூட இல்லை. ஒரு ஃபேஸ் ஓஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) மோதலில் வேகாஸுக்கு ஐந்து நிமிடத் தண்டனை விழுந்தது, அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹொசேக்கு நான்கு கோல்கள். சமன் செய்து மேலதிக நேரம் போயும் தோற்றார்கள். அந்தச் சர்ச்சைக்குப் பிறகே பெரும் தண்டனையை நடுவர்கள் காணொளியில் மறுபரிசீலனை செய்யலாம் என்று விதி வந்தது.

மைதானச் சாதகம் என்று தங்கள் பத்திரிகை எழுதும்போது ரசிகர்களின் சத்தத்தையே குறிப்பிடுகிறது. உண்மையான சாதகம் கடைசி மாற்றம். ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது வெளியூர் அணி தன் வீரர்களை முதலில் இறக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் அணி இறக்கலாம். எதிரணியின் முதல் லைன் (சேர்ந்து இறங்கும் முன்கள மூவர்) வந்தால் தன் சிறந்த தடுப்பு லைனை எதிரே நிறுத்தலாம். பலமான அணிக்கு இது ஒரு வசதி, பலவீனமான அணிக்கோ உயிர்நாடி. மூன்றாவது, நான்காவது ஆட்டங்கள் சொந்த மைதானத்தில் வரும்போது, எதிரணியின் நட்சத்திரம் யாருக்கு எதிராக எத்தனை நிமிடம் ஆடினார் என்று கவனியுங்கள். அவர் தொடர்ந்து ஒரே தடுப்பு ஜோடியைச் சந்தித்தால் பயிற்றுநர் தன் வேலையைச் செய்கிறார். வெளியூரில் இதை ஈடுகட்ட ஒரு வழி, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது. அதற்குப் பக்கை எதிரணிப் பகுதியின் ஆழத்துக்கு அனுப்பிவிட்டு மாற வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டாமல் அவசரமாக எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்தால் ஐசிங் என்ற தவறாகிவிடும். ஐசிங் செய்த அணி வீரர்களை மாற்ற முடியாது, இடைவேளையும் கேட்க முடியாது. களைத்த ஐவரும் தங்கள் வலைக்கு அருகிலேயே ஃபேஸ் ஓஃப்புக்கு நிற்க வேண்டும், எதிரணி புதிய கால்களோடு வரும். தொடர்ந்து இரண்டு ஐசிங் கண்டால் கோல் வரப்போகிறது என்று பதறுவதற்கு ரசிகருக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது பகுதியில் அணிகள் பக்கம் மாறுவதால் ஒவ்வொரு அணியின் பெஞ்சும் தன் வலையிலிருந்து தூரமாகிவிடும். தற்காத்துக்கொண்டிருக்கும் பின்கள வீரர் வெளியே வர நீண்ட தூரம் சறுக்க வேண்டும். முதல் பகுதியில் தாக்குப்பிடித்த பலவீனமான அணி இரண்டாம் பகுதியில் சிதறுவது பல நேரம் இதனால்தான். முதல் மேலதிகப் பகுதியிலும் இதே நீண்ட தூரம். அங்கே ஒரு கோல் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. மேலதிக நேரத்தில் நான்கு லைன்களையும் பயன்படுத்துகிற பயிற்றுநரின் அணிக்கு நேரம் போகப் போக வாய்ப்பு கூடும். 1993 இல் மொன்றியல் முதல் மேலதிக நேர ஆட்டத்தைத் தோற்றுவிட்டு அடுத்த பத்தையும் வரிசையாக வென்றது. கனடிய அணி ஒன்று கிண்ணத்தை எடுத்த கடைசி ஆண்டும் அதுவே. ஆனால் நீண்ட ஆட்டம் எப்போதும் நன்றி காட்டாது. 2020 ஓகஸ்டில் கொலம்பஸின் யோனாஸ் கொர்பிசாலோ ஐந்தாவது மேலதிகப் பகுதி வரை நின்று 85 அடிகளைத் தடுத்தார். டம்பா பே 3-2 என வென்றது, தொடரையும் வென்றது, கிண்ணத்தையும் வென்றது.

அதே கொலம்பஸ் ஓராண்டுக்கு முன் செய்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2019 இல் 62 வெற்றி, 128 புள்ளியோடு வந்த டம்பா பே முதல் ஆட்டத்தில் 3-0 என முன்னிலை பெற்றது. கொலம்பஸ் 4-3 என வென்று, நான்கு ஆட்டத்தில் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. 1967 இல் லீக் விரிவடைந்த பிறகு, வழமையான பருவத்தில் முதலிடம் பெற்ற அணி முதல் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியேறியது அதுவே முதல் தடவை. முதல் பகுதி முடிவில் தொலைக்காட்சியை அணைத்தவர்கள் அந்த ஆட்டத்தைத் தவறவிட்டார்கள்.

ரசிகர்கள் செய்யும் தவறுகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றால் தொடரே போய்விட்டது என்று நினைப்பது பெரிய தவறு. பெரிய தோல்வியும் ஒரு தோல்விதான், அடுத்த ஆட்டம் 0-0 இல் தொடங்கும். ஒரு வெற்றிக்குப் பிறகு அடுத்த சுற்றின் எதிராளியைக் கணக்குப் போடுவது அதன் மறுபக்கம். மிக மோசமானது, ஒரு கோல் விட்டதற்காகக் கோல் காப்பாளரையும் இளம் பின்கள வீரரையும் சமூக ஊடகத்தில் வசைபாடுவது. அணியை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை தேவைப்படும் அந்த இரவில் வீரரைத் தூற்றுவது ரசிகரின் செயல் அல்ல. நமது சமூகத்து இளையோர் பலர் இந்த ஆட்டத்தைக் கற்று வளர்கிறார்கள், அவர்கள் இதையெல்லாம் வாசிக்கிறார்கள் என்ற கவலையோடு சொல்கிறேன்.

ரொறன்ரோ ரசிகர்களுக்கு இதில் தனிக் கசப்பு உண்டு. 1967 க்குப் பிறகு கிண்ணம் இல்லை. பட்டியலில் கீழே இருந்த அணிகளிடம் பலமுறை தோற்றிருக்கிறார்கள். 2021 இல் 77 புள்ளி பெற்ற ரொறன்ரோவை 59 புள்ளி பெற்ற மொன்றியல் வென்றது. முதல் ஆட்டத்திலேயே தலைவர் ஜோன் டவாரெஸ் காயமடைந்தார். ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்கள் இரண்டும் மேலதிக நேரத்தில் போயின. அதைத் துரோகம் என்றும் சாபம் என்றும் எழுதினார்கள். மேலே சொன்ன கணக்கில் இந்த வகைத் தோல்வி அடங்கியிருக்கிறது. பலமான அணியின் ரசிகருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் வலி குறையாது, ஆனால் யாரைக் குறைசொல்வது என்பதில் நிதானம் வரும்.

ஆகவே தங்கள் விளையாட்டுப் பக்கத்துக்குச் சில கோரிக்கைகள். ஒவ்வொரு தொடருக்கும் முன்பு இரு அணிகளின் மொத்தப் புள்ளியோடு, அறுபது நிமிட வெற்றிகள், கடைசி 25 ஆட்டங்களின் முடிவு, இரண்டு கோல் காப்பாளர்களின் தடுப்பு வீதம், பவர் பிளேயும் அதன் தடுப்பும் எத்தனை வீதம் என்பதை ஒரு சிறு பெட்டியில் தாருங்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் கோல் போட்டவர்களின் பெயரோடு, தண்டனை நிமிடங்களையும், எதிரணியின் முதல் லைனுக்கு எதிராக ஆடியவர் யார் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். இந்த எண்கள் எல்லாம் லீக் ஒவ்வோர் இரவும் வெளியிடுபவையே, தேடி அலைய வேண்டியதில்லை. எட்டாம் இடத்து அணிக்கும் முதலிடத்து அணிக்குக் கொடுக்கும் அதே அளவு இடத்தை, முதல் சுற்று முடியும் வரையாவது கொடுங்கள். அடுத்த வசந்தத்தின் முன்னோட்டத்தை எழுதுபவர் விரும்பினால் இந்த விவரங்களைத் தொகுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் வாசகர் ஒருவர்